கூடிய

படிவத்தின் ஏழாம் கேள்வி
மூன்று மொழி கடந்து வந்ததில் இளைத்துப் போயிருந்தது.
'ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய குடும்பமா? ஆம். இல்லை.'
ஒலுமடுவில் எனக்கு இருபத்தெட்டு வீடு.
பேனை ஒன்று. ஸ்கூட்டியில் அரை ராங்கி பெற்றோல்.

கனகநேசன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்:
'ஆபத்தோ?
ஆபத்து அந்தரத்துக்கு
ஒரு ஓட்டோக்காரன்ரை நம்பர் இருக்கு, காணும்.'
அவசரமும் அந்தரம்தான்,
காலுக்குக் கீழே தரை இல்லாத இடமும் அந்தரம்தான்.
எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல்
அந்த நம்பரை எழுதிக்கொண்டேன்.

எங்கள் கந்தோரில் அதன் பெயர் இடர்.
கதவிலேயே எழுதியிருக்கும், முகாமைத்துவத்தோடு சேர்த்து.
சம்பளம் தருகிற சொல், குறை சொல்லக்கூடாது.
ஆனால் மார்கழி இரவில் குளக்கட்டில் நின்று
இடர் வருகிறதென்று ஒருவரும் கத்தியதில்லை.
'வான் பாயுது' என்பார்கள்.
'அலியன் இறங்கிட்டுது' என்பார்கள்.
எழுவாய், பயனிலை,
அதற்குள் ஊர் எழும்பிவிடும்.

யோகசோதியின் கோழிக்கூட்டுக்குச்
சிவப்புப் பலகையில் கதவு.
மண்டையோடும் 'அபாயம்' என்ற எழுத்தும் உட்பக்கம்.
'வெடி எடுத்து முடிச்சுப் போகேக்கை விட்டுட்டுப் போனது.
நல்ல பலகை, கறையான் தொடாது.'
கோழிகள் அதை வாசித்தபடி முட்டையிடுகின்றன.
'அதை விடு பிள்ளை,
செவ்வாய்க்கிழமையில மோட்டார்சைக்கிளில வாற
லோன்காரப் பெடியன்,
அவனுக்கு உங்கட பேப்பரில என்ன பேர்?'
அன்று திங்கள்.
அவள் ஒழுங்கைப் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் கதைத்தாள்.

சாத்திரி ஒருவர் தன் புருஷனுக்கு
நாற்பத்தொன்றில் கண்டம் என்றாராம்.
நாற்பத்தொன்றும் வந்ததாம்.
அந்த வருடம்
பாலனுக்கும் கண்டம் கிழவிக்கும் கண்டம்,
கட்டையில் நின்ற மாட்டுக்கும் கண்டம்.
எல்லாருக்கும் ஒரே சாதகமா என்று
சாத்திரியைக் கேட்க அவரும் இல்லை.

உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்தவள் நான்.
ஏதம் தெரியும். இன்னல், இடுக்கண்.
சோதனைக்கு மட்டும் வந்துபோன விருந்தாளிகள்.
ஊறு மட்டும் போகவில்லை.
தொடுவதும் ஊறு,
காயமும் ஊறு.
ஒரு சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள் என்று
வகுப்பறையில் விளங்காதது
முகமாலையில் குப்புறக் கிடந்து
மண்ணைக் கம்பியால் தொட்டுத் தொட்டு
மாதச் சம்பளம் எடுக்கிற என் தங்கை
லீவில் வந்து
சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த விதத்தில் விளங்கியது.
சத்தமே இல்லை.

இருபத்தாறாம் வீடு, சுபத்திரை.
படிவத்தை வாங்கித் தானே வாசித்தாள்.
'ஆறாவது, உள்ளான குடும்பமோ?
ஏழாவது, உள்ளாகக்கூடிய குடும்பமோ?
ஒண்டுக்குத்தான் சரி போடலாம் எண்டு கிடக்கு.'
ஓம், அக்கா.
'அப்ப இந்தக் காலுக்கு ஆறைப் போடு.'
முழங்காலுக்குக் கீழே சேலை காற்றில் அசைந்தது.
'மற்றதுக்கு ஏழு.'
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
ஆட்டுக்குக் குழை எட்டாமல் இருந்தது,
அதை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டுக்கும் போட்டேன்.
கணினி ஏற்காது.
பிழை என்று சிவப்பில் காட்டும்,
அதற்கும் மாங்குளத்தில் இருந்து ஒருவர் போன் எடுப்பார்.

வளவைத் துப்புரவாக்கி
வெள்ளைக் கம்பு நட்டு ஆறு வருடம்.
எங்கும் நடக்கலாம்.
படலை வரைக்கும் அவள் போய்வந்த தடம் மட்டும்
ஈர மணலில் கிடந்தது:
ஒரு செருப்பு, ஒரு சின்ன வட்டம்,
ஒரு செருப்பு, ஒரு சின்ன வட்டம்.
பக்கத்தில் புல் அழகாய் முளைத்திருந்தது.
நான் அந்தத் தடத்துக்குள்ளேயே
கால் வைத்து கால் வைத்து
வீதிக்கு வந்தேன்.